முடியாதுங்க என்று சொல்லப் பழகியவர்

எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் மொத்தம் இருபத்திரண்டு வண்டி. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கு இறங்குகிற வழியில் வரிசையாக நிற்போம். இருபத்திரண்டு டிரைவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிரஷர் உண்டு. ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்லமாட்டான். சொன்னால் தலையா போய்விடும்? போகாது. ஆனால் மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பிரஷர் என்று தெரிந்தால் ஓட்டல்காரர்கள் அடுத்த ட்ரிப்புக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். அதனால் எல்லோரும் கமுக்கமாக இருந்தோம். எங்களில் முதன்முதலாக அதை வெளியே சொன்னவர் சேக் பரீது. அவர் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஞானவேல். நானும் அதே ஸ்டாண்டுதான். எனக்கு மூக்கு மேல் கோபம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். சொல்கிறவர்களுக்குப் புத்தி கம்மி, அதைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

பரீது பாய்க்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய அத்தா பஜாரில் தள்ளுவண்டியில் பிளம்ஸும் பேரிக்காயும் விற்றவர். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, கேரட் லாரியில் கிளீனராக ஒட்டன்சத்திரம் போய்வந்து, இருபத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்து, அன்றிலிருந்து டாக்ஸிதான். மகன் அப்சல் கோவையில் காலேஜில் படிக்கிறான். வீடு அட்டுவம்பட்டியில். மனைவி மஹ்ஜபின் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார்.

பாயிடம் ஒரு குணம் உண்டு. யார் என்ன கேட்டாலும் 'சரிங்க' என்பார். மத்தியானம் மூன்று மணிக்கு ஏறுகிற கஸ்டமர், "பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் பாத்துட்டு, அப்படியே ராத்திரி ரயிலுக்குக் கொடை ரோட்டுல எறக்கிவிட்டுருங்க" என்று கூசாமல் கேட்பான். நானாக இருந்தால், "ஏன் சார், ஹெலிகாப்டர்ல ஏற வேண்டியதுதானே" என்பேன். பாய், "சரிங்க, பாத்துக்கலாம்" என்பார். அப்புறம் மலை முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். ரயிலையும் பிடித்துக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது.

இங்கே எங்கள் டர்ன் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கத் தலைவர் வேலுமணி அண்ணன், காலையில் வண்டிகள் வந்த வரிசைப்படி பெயர்களைச் சிலேட்டில் எழுதுவார். கஸ்டமர் வந்தால் விசில் ஊதி, முதல் பெயரைக் கூப்பிடுவார். மூன்று விசிலுக்குள் அந்த டிரைவர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பெயரை அழித்துக் கடைசியில் எழுதிவிடுவார். அதனால் பசித்தாலும் எவனும் நகரமாட்டான். டிபன் பாக்ஸ் சீட்டுக்கு அடியில் ஆறிக்கிடக்கும். நாலு மணிக்கோ ஐந்து மணிக்கோ திறப்போம். அதுவரை டீ, டீ, டீ. ஒண்ணுக்குப் போவதென்றால்கூட ஒரு காது விசிலிலேயே இருக்கும்.

இதில்தான் நாங்கள் அத்தனை பேரும் ஒரு முட்டாள்தனம் செய்துகொண்டிருந்தோம். பிரஷர் மாத்திரையில் ஒரு வகை இருக்கிறது, போட்டால் அடிக்கடி ஒண்ணுக்கு வரும். ஏற்கெனவே மலைக் குளிர். பின் சீட்டில் கஸ்டமர் இருக்கும்போது மூன்று வளைவுக்கு ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டினால் அவர்கள் மூஞ்சியைச் சுளிப்பார்கள், ஸ்டாண்டில் வந்து புகார் சொல்வார்கள். ஆகவே ட்ரிப் உள்ள நாளில் மாத்திரை போடுவதில்லை. ட்ரிப் இல்லாத நாளில் போட்டுக்கொள்வோம். ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் கற்றுக்கொண்டது இது. சீசனில் தினமும் ட்ரிப். அப்படியானால் சீசன் முழுக்க மாத்திரை கிடையாது என்று அர்த்தம். அந்தக் கணக்கை நாங்கள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் பாய் ஈரோட்டுக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார். முன் சீட்டில் ஒரு அம்மா, அவர் மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தை வழியில் தென்படுகிற குரங்குகளை எண்ணிக்கொண்டே வந்ததாம். பதினாலு, பதினைந்து என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது பாய்க்குக் கண் இருட்டியது. இரண்டு விநாடி. எதிரே ரோடு இல்லை, வளைவு இல்லை, ஒன்றுமே இல்லை. பார்வை திரும்பியபோது வண்டி தடுப்புச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. பிரேக்கை எப்போது மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. "டயர்ல ஏதோ சத்தம் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கி, நாலு டயரையும் காலால் உதைத்துப் பார்ப்பது போல நடித்தாராம். குழந்தை ஜன்னல் வழியாக, "மாமா, பதினாறாவது கொரங்கு எங்க?" என்று கேட்டதாம்.

இதை அன்று சாயங்காலம் என்னிடம் மட்டும் சொன்னார். எனக்குக் காரணம் தெரியும். ஆனால் வாய் என்ன பேசியது தெரியுமா? "தூக்கம் பத்தலை பாய், அதான். நல்லா தூங்கி எந்திரிங்க, சரியாப்போயிரும்" என்றேன். என் வண்டி டேஷ்போர்டில் நான் போடாத மாத்திரை அட்டை கிடந்தது. பிறகு வேறு என்ன சொல்வேன்?

அந்த வருஷம் ஜூன் மாதத்துக்குள் அவர் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். கண் இருட்டிய பயத்தில் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு, டாக்டர் ஜோதிமணியிடம் போனார். அந்த அம்மா கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பத்து.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேம்மா."

"தினமுமா?"

"ட்ரிப் இல்லாத நாள்ல ஒரு நாள்கூட விடுறதில்லம்மா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "ட்ரிப் இல்லாத நாள் வாரத்துல எத்தனை?"

"இப்ப ரெண்டு நாள். சீசன்ல கெடையாது."

அப்புறம் பாய் கண் இருட்டிய விஷயத்தையும் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா திட்டவில்லை. "இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மலையில ஓட்டக்கூடாது. முதல்ல பத்து நாள் வண்டியைத் தொடாதீங்க, மாத்திரை தினமும் போடுங்க, தினமும் வந்து பிரஷர் பாருங்க. குறைஞ்சா மெதுவா ஆரம்பிக்கலாம். மூணு மாசம் கழிச்சு மே மாசத்துல முடிவு சொல்றேன். அப்பவும் இப்படியே இருந்தா வேற வேலை பாத்துக்கோங்க" என்றார். எழுந்தவரை உட்காரவைத்து இன்னொன்றும் சொன்னார். "படபடப்பு வந்த பிறகு அதை அடக்கப் பாக்குறதுல பாதி உயிர் போயிரும். அது எந்தெந்த வழியா வருதுன்னு பாருங்க. அந்த வழியை அடைங்க."

நான் விஷயத்தைக் கேட்டதும் குதித்தேன். "இதுக்குப் போயி ஏன் பாய் மண்டையை ஒடச்சுக்கிட்டு? கீழ ஒரு டாக்டர் இருக்காரு. மூஞ்சியைக்கூட நிமிந்து பாக்கமாட்டாரு. சர்டிபிகேட் பாரத்தை நீட்டினா கையெழுத்து. நம்ம ஸ்டாண்டுல பாதிப் பேரு அங்கதான் வாங்குறாங்கெ. நாளைக்கே போயிட்டு வந்துருவோம்."

"வாங்கிரலாம் ஞானவேலு" என்றார் பாய். "அந்தப் பிள்ளை கொரங்கு எண்ணிக்கிட்டு இருந்துச்சுடா. எம் பொழப்பு எனக்கு வேணும். ஆனா அந்தம்மா பாத்துச் சரின்னு சொன்னாத்தான் நான் ஸ்டியரிங் பிடிப்பேன். இல்லன்னா வண்டியை வித்துப்புடுவேன்."

'சரிங்க' என்பதைத் தவிர வேறு பேச்சே தெரியாத மனுஷன் அவர். அன்றைக்கு இப்படிப் பேசினார்.

பத்து நாள் வீட்டில் இருந்தார். சும்மா இருக்கவில்லை. அப்சலின் பழைய நோட்டில், ஒரு நாளில் தனக்கு எப்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று யோசித்து யோசித்து எழுதினார். வளைவில் திரும்பும்போது போன் அடித்தால். விசில் சத்தம் கேட்டால். பசி தாண்டிப்போனால். ஒண்ணுக்கை அடக்கினால். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எழுத எழுத ஒன்று மட்டும் அவரையே திடுக்கிட வைத்ததாம். முடியாத காரியத்துக்குச் 'சரிங்க' சொன்ன அந்த நொடியிலேயே நெஞ்சு அடிக்க ஆரம்பித்து, அன்று படுக்கிற வரைக்கும் நிற்பதில்லை.

ஒரு நாள் அவரைப் பார்க்க அட்டுவம்பட்டிக்குப் போனேன். கதவைத் திறந்தால் கூத்து! மஹ்ஜபின் மகனுடைய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பாய் எதிரே கைகட்டி நிற்கிறார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. ட்ரெயினிங் நடக்குது" என்றார் மஹ்ஜபின். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "டிரைவர்! அப்படியே மன்னவனூரையும் காட்டிட்டு ஆறு மணிக்குள்ள வத்தலக்குண்டுல விட்டுருங்க" என்றார்.

"மன்னவனூரா மேடம்... கொஞ்சம் தூரம்... சரிங்க, பாத்துக்கலாம்."

"அடப் போங்க! ஏழாவது தடவை!" மஹ்ஜபின் தலையில் அடித்துக்கொண்டார். "ஒங்களுக்கு முடியாதுங்கிற வார்த்தை தொண்டையில மீன் முள்ளு மாதிரி சிக்கிக்கிதா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாய்க்கு வேர்த்துவிட்டது. ஆனால் விடவில்லை. பத்தாவது தடவையோ பதினொன்றாவது தடவையோ நிமிர்ந்து நின்று சொன்னார்: "முடியாதுங்க. அவசரமா ஓட்டினா ஒங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. நாளைக்கு வெள்ளனே கெளம்பினா நிதானமா காட்டுறேன்."

மஹ்ஜபின் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாடி! ஊரு பூராவுக்கும் சரி சரின்னுட்டு, எங்கிட்ட மட்டும் கல்யாணம் ஆன நாள்லருந்து இதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க. அதை அப்படியே அங்க சொல்ல வேண்டியதுதானே!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண் கலங்கியிருந்தது.

பிரஷர் கொஞ்சம் இறங்கி, மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னதும், மார்ச்சில் பாய் ஸ்டாண்டுக்குத் திரும்பினார். காலை ஐந்து மணிக்கே மாத்திரை. ஸ்டாண்டுக்கு வருவதற்குள் போக வேண்டியதெல்லாம் போய் முடிந்துவிடும். வண்டி ஓடும்போது போன் டிக்கியில் கிடக்கும். மலை இறங்கும்போது பாதி வழியில் பத்து நிமிடம் நிறுத்துவார். ஏறும்போதே கஸ்டமரிடம் சொல்லிவிடுவார். மத்தியானம் ஒரு மணி அடித்தால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருக்கிற மரத்தடிக்குப் போய்விடுவார். விசில் அடித்தாலும் சரி, இடி விழுந்தாலும் சரி. டப்பாவில் ஊறுகாயும் கிடையாது, அப்பளமும் கிடையாது.

ஸ்டாண்டுக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது. "கலெக்டர் சாப்பிடப் போறாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடா" என்று ஆரம்பித்து வைத்தது நான்தான். அவர் முதன்முதலில் ஒரு நிஜக் கஸ்டமரிடம் 'முடியாதுங்க' என்றபோதும் பக்கத்தில் இருந்தேன். கைகள் நடுங்கின, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த ஆள் முறைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். நான் சரி என்று ஏற்றிக்கொண்டு பறந்தேன். நல்ல காசு. திரும்பி வந்தபோது பாய், "நல்லபடியா வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் பெயர் அழிந்துகொண்டே இருந்தது. ஏப்ரல் கடைசியில் சங்கக் கூட்டம். வேலுமணி அண்ணன், "பாய், ஒங்களால டர்ன் பாக்க முடியலன்னா எடத்தை விட்டுக் குடுங்க, ஆளு காத்துக் கெடக்கு" என்றார். பாய் எழுந்தார்.

"எனக்குப் பிரஷர் இருக்கு. பிப்ரவரியில வளைவுல கண்ணு இருட்டிருச்சு. ஒரு குடும்பமே போயிருக்கும். ட்ரிப்பு நாள்ல மாத்திரை போடாம இருந்ததுதான் காரணம். இங்க நான் ஒருத்தன் மட்டும் அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். சாப்பிடப் போறவன் பேரை அரை மணி நேரம் அழிக்காம வைங்க. எல்லாருக்கும்தான் கேக்குறேன்."

"சம்மதம்னா கையைத் தூக்குங்கப்பா" என்றார் வேலுமணி அண்ணன். நாலு கை எழுந்தது. அதில் என் கை இல்லை. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தூக்கினால் எனக்கும் இருக்கிறது என்று தெரிந்துபோகும் என்ற பயம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, என்ன செய்ய, நடந்தது அதுதான்.

பாய் யாரையும் குறை சொல்லவில்லை. "சரிங்க, பேரை அழிச்சுக்கோங்க. நான் ஒரு மணிக்குச் சாப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மே மாதம் மலர்க் கண்காட்சி ஆரம்பித்தது. ஊர் தாங்காத கூட்டம். டாக்டரம்மா சொன்ன கெடு ஒரு சனிக்கிழமை வந்தது, பன்னிரண்டு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார். அன்று காலை ஒரு பெரிய குடும்பம் வெள்ளி நீர்வீழ்ச்சி பார்க்க வேண்டும் என்றது, ஒன்பது பேர், இரண்டு வண்டி. பாயும் நானும் போனோம். பத்து மணிக்குத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

பத்து மணிக்கு மலைப்பாதையில் நடுவழியில் நின்றோம். மேலேயும் வண்டி, கீழேயும் வண்டி. ஒரு டயர்கூட உருளவில்லை. எனக்கு முன்னால் பாயின் வண்டி. அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, கஸ்டமர்களை இறக்கி, "காத்து வாங்குங்க, எப்படியும் முக்கா மணி நேரமாகும்" என்று சொல்லிவிட்டு ஓரத்தில் நின்றார். நானா? ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. என் வண்டியில் இருந்த பெரியவர், "டிரைவர், எங்களுக்கு ஓட்டல் காலி பண்ணணும், ஏதாவது பண்ணுப்பா" என்று நச்சரித்தார். எதிர்வரிசையில் ஒரு வேன்காரன் குறுக்கே மூக்கை நுழைத்தான். அவ்வளவுதான். இறங்கிப் போய் அவன் கதவில் அறைந்து, "ஏலே, ஒங்கப்பன் வீட்டு ரோடா இது?" என்று கத்தினேன். அவனும் கத்தினான். திடீரென்று என் சட்டையில் சிவப்பாகச் சொட்டியது. மூக்கிலிருந்து ரத்தம். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. வேன்காரன் பயந்து வாயை மூடிக்கொண்டான். எனக்குக் காதுக்குள் யாரோ மாவு மிஷின் ஓட்டுவது போல இருந்தது.

பாய் ஓடி வந்தார். என்னைத் தடுப்புச் சுவர்மேல் உட்காரவைத்து, தலையை முன்னால் குனியச் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரை எங்கடா?"

"டேஷ்போர்டுல."

எடுத்துப் பார்த்தார். அட்டையில் பத்தும் அப்படியே இருந்தன. தூசிதான் படிந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியாவது இருப்பேன்.

எங்களுக்குப் பின்னால் பழனிக்குமார் காலி வண்டியோடு நின்றான். அவனும் எங்கள் ஸ்டாண்டுதான். என் கஸ்டமர்களை அவன் வண்டியில் ஏற்றினார் பாய். என் வண்டியை டீக்கடை ஓரம் விட்டுப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தன் முன் சீட்டில் உட்காரவைத்தார். பின் சீட்டில் ஒருவர், "மொதல்ல எங்களை ஓட்டல்ல விட்டுருங்க" என்றார். பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முடியாதுங்க. மொதல்ல ஆஸ்பத்திரி" என்றார். கை நடுங்கவில்லை.

வண்டிகள் நகர ஆரம்பித்தபோது பதினொன்றரை. ஒவ்வொரு வளைவிலும் நான் மணியைப் பார்த்தேன். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இன்றைக்குத்தான் பாய்க்குக் கெடு. மூன்று மாதம் ஒவ்வொரு நாளாகச் சேர்த்தது, இந்த அலைச்சலிலும் ரத்தத்திலும் போய்விடப்போகிறது. நேரத்துக்குப் போனாலும் பிரஷர் ஏறித்தானே இருக்கும்? என்னால் இந்த மனுஷன் பிழைப்பு போகப்போகிறது. "வெரசா போங்க பாய்" என்று கெஞ்சினேன். அவர் எப்போதும் போகிற வேகத்திலேயே போனார்.

பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிடம். டாக்டர் ஜோதிமணி கிளம்பிக்கொண்டிருந்தார். என் சட்டையைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். என் ரத்தம் நின்றிருந்தது. "என்னை விடுங்கம்மா, மொதல்ல பாயைப் பாருங்க, அவருக்கு இன்னைக்குத்தான் கெடு" என்றேன்.

"இப்ப வேண்டாம் பாய், பதற்றமா வந்திருக்கீங்க. திங்கக்கிழமை பாக்கலாமே" என்றார் டாக்டரம்மா.

"இல்லம்மா. எனக்கு எல்லா நாளும் இப்படித்தான் இருக்கப்போகுது. இன்னைக்கே பாருங்க. அஞ்சு நிமிஷம் மட்டும் உக்காந்துக்கிறேன்."

நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் தரையில் பதித்து, கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. நான் பழனி முருகனைக் கூப்பிட்டேன், எனக்காக ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. டாக்டரம்மா பட்டையைக் கட்டினார். காற்று இறங்குகிற சத்தம் கேட்டது.

"நூத்தி முப்பத்தெட்டு, எண்பத்தாறு" என்றார். நம்பாதவர் போல இன்னொரு தடவை பார்த்தார். இரண்டு எண் இன்னும் குறைந்தது. லைசென்ஸ் பாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் அழுதேன். நாற்பத்து நாலு வயது ஆம்பளை, சட்டையில் ரத்தத்தோடு, விம்மி விம்மி அழுதேன்.

அடுத்து என் கையில் கட்டினார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றுப் பதினெட்டு. அங்கேயே ஒரு மாத்திரை கொடுத்து விழுங்கவைத்து, ஒரு மணி நேரம் நகரக்கூடாது என்றார். "உங்க லைசென்ஸ் எப்ப முடியுது?"

"அடுத்த வருஷம் நவம்பர்மா."

"அப்ப உங்களை நிறுத்த எங்கிட்ட ஒரு காகிதமும் இல்ல. நீங்களாத்தான் நிறுத்தணும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருடைய கஸ்டமர்களைப் பழனிக்குமார் திரும்பி வந்து கூட்டிப்போனான்.

"பயமா இருக்கு பாய்" என்றேன். "ஒங்களை மாதிரி பயமில்லாம இருக்க எனக்கு வராது."

"யாருலே சொன்னா எனக்குப் பயமில்லன்னு?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் பயம்தான். அந்தப் பயம் போகட்டும், அப்புறம் ஆரம்பிப்போம்னு இருந்திருந்தா இன்னும் வீட்டுலதான் கெடந்திருப்பேன். அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நாம செய்ய வேண்டிய சோலியை நேரத்துக்குச் செஞ்சுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான். மொதல்ல வீட்டுக்குப் போன் போடு."

என் மனைவி புவனாவுக்கு நான் பிரஷர்காரன் என்பதே தெரியாது. இரண்டு வருடமாக மறைத்திருந்தேன். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை போடாமல் மலை இறங்கியதை, கூட்டத்தில் கை தூக்காததை, மூக்கில் ரத்தம் வந்ததை. கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு வருஷமாவா?" என்றாள். "நீங்க கீழ எறங்குற நாள்லயெல்லாம் நான் நிம்மதியா சீரியல் பாத்துக்கிட்டு இருந்தேனே. கதவைத் தாழ்ப்பாள் போடாமகூடத் தூங்கினேனே, நீங்க எப்படியும் வந்துருவீங்கன்னு..."

"புவனா, அந்தம்மா சரின்னு சொல்ற வரைக்கும் நான் வண்டியைத் தொடமாட்டேன்" என்றேன். சொன்னபோது எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பரீது பாய் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.